இளவட்டக்கல் தூக்கியவர்கள் நீந்திய கிணறு

கரிசல் காட்டில் நீச்சலுக்கு ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, ஓடை ஓடி, கிணற்றில் தண்ணீர் ஏறினால் மாசி வரை நீந்தலாம். பங்குனியில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். சித்திரையில் எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரியும். இளையரசனேந்தல் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த அந்தக் காலத்தில், ஊரைச் சுற்றியிருந்த தோட்டக் கிணறுகள்தான் எங்கள் நீச்சல் பள்ளிக்கூடம். கமலை நின்று பம்புசெட் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் கமலைக் கற்களும், மாடுகள் இறங்கி ஏறிய சரிவும் அப்படியே கிடந்தன. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிச் சித்தப்பாவோ மாமாவோ தூக்கித் தண்ணீரில் போடுவார்கள். குடுக்கையை அவிழ்த்த பிறகு நாய் நீச்சல். அதற்குப் பிறகு கையை மாற்றி மாற்றி வீசி முன்னேறும் நீச்சல். இன்றைக்கு ஃப்ரீஸ்டைல் என்கிறார்களே, அதன் நாட்டு உருவம்.

ஊரில் பலத்துக்கு அளவுகோல் ஒன்றுதான்: இளவட்டக்கல். பொங்கலை ஒட்டி இளவட்டங்கள் அதைச் சுற்றிக் கூடுவார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வழுவழுவென்றிருக்கும் உருண்டைக் கல்லை இரண்டு கையாலும் அணைத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். பிறகு நெஞ்சுக்கு, பிறகு தோளுக்கு. தோளிலிருந்து முதுகுப் பக்கம் போட்டுவிட்டால் அவன் ஆம்பளை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் அந்தக் கல்லுக்காகவே. அப்படிக் கல் தூக்கிய அண்ணன்மார் கிணற்றில் குதித்தால் கரை அதிரும். கை வீசினால் எங்கள் முகத்தில் தண்ணீர் வந்து அறையும். நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனால் கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போட்டி வைத்தால் ஜெயிப்பவர் வேறு ஒருவர். கிணறு வெட்டுகிற, தூர் எடுக்கிற ஆட்களோடு போகும் ஒரு மாமா. ஒல்லியான ஆள். இளவட்டக்கல்லை நெஞ்சுக்கு மேல் ஏற்ற அவரால் முடிந்ததில்லை. தண்ணீரில் அவர் போவது சத்தமே கேட்காது. கல் தூக்கிய அண்ணன் நாலு தடவை கை வீசுகிற தூரத்தை அவர் மூன்றில் கடப்பார். எங்களைப் பார்த்து அவர் சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தண்ணிய அடிக்காதல. பிடிச்சு இழு. பிடிபடாத தண்ணிய இழுத்து என்ன செய்ய?”

அவர் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் உடைத்த கல்லும் மண்ணும் நிறைந்த கூடையை மேலே நின்று வடக்கயிற்றால் இழுப்பார்கள். இழுக்கும்போது அவர் முழங்கை உடம்போடு ஒட்டாது, கீழேயும் சரியாது. முதலில் கயிற்றில் கை இறுகும். அப்புறம்தான் முதுகு வேலை செய்யும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கட்டையாக நிற்க, முதுகுப்புறத்துப் பெரிய தசைகள் பாரத்தைக் கொண்டுவரும். நாள் முழுக்க இந்த இழுப்புத்தான். இளவட்டக்கல் தூக்குபவரின் பலம் கீழிருந்து மேலே போகிற பலம்; இடுப்பும் தொடையும் அணைப்பும் சேர்ந்தது. நீச்சல்காரனுக்கு வேண்டியதோ முன்னாலிருந்து பின்னால் இழுக்கிற பலம். அன்று ஊரில் எல்லாரும் மாமாவுக்குத் ‘தண்ணீர் ராசி’ என்றார்கள். அவர் பிழைப்பே அவருக்குப் பயிற்சியாக இருந்தது என்பதை, பின்னாளில் உடற்கல்வி ஆசிரியராகி நீச்சல் ஆய்வுகளைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1990-ல் நெதர்லாந்தில் டூசான், வெர்வூர்ன் என்ற இருவர் செய்தது. குளத்தின் தண்ணீருக்குள் வரிசையாகப் பலகைகளைப் பொருத்தினார்கள். ஃப்ரீஸ்டைல் நீந்துபவர் ஒவ்வொரு கைவீச்சிலும் தண்ணீரைத் தள்ளாமல் அசையாத அந்தப் பலகையைத் தள்ளி முன்னேற வேண்டும். தண்ணீர் நழுவும், பலகை நழுவாது. ஆகவே கை முழு பலத்தையும் கொடுக்க முடியும். கை போகிற பாதையோ நீச்சலின் பாதைதான். 10 வாரம் இப்படிப் பழகியவர்களுக்குப் பலம் கூடியது. அதைவிட முக்கியம், பலகையில்லாத வெறும் தண்ணீரிலும் ஒரு கைவீச்சுக்கு அவர்கள் போகிற தூரம் கூடியது. 50, 100, 200 மீட்டர் நேரங்கள் குறைந்தன.

எங்கள் கிணற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கிற மாதங்களில் படிக்கற்கள் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். சுவரில் பதித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கற்கள். சுவரோரமாக நீந்தும்போது முழங்கையை உயரத்தில் நிறுத்தி, ஒரு படிக்கல்லைப் பிடித்து உடம்பை அதைத் தாண்டிச் செலுத்தி, அடுத்த கல்லுக்குக் கையை நீட்டுவது எங்களுக்கு விளையாட்டு. ஆம்ஸ்டர்டாமில் பெருஞ்செலவில் கட்டிய ஏற்பாட்டின் அடிப்படை எங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரில் சும்மா கிடந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க அன்று யாரும் இல்லை. இன்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. போர் போட்டுப் போட்டு நிலத்தடி நீர் இறங்கி, நான் பழகிய கிணற்றுக்குள் இப்போது வேலிக்கருவேல் முளைத்து நிற்கிறது.

பலத்தைப் பற்றிய அந்தப் பழைய நம்பிக்கை மட்டும் வற்றவில்லை. 1994-ல் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தபோது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் அதே பேச்சு. பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்வி: “சார், அவரு ஒரு நாளைக்கு எத்தனை தண்டால் எடுப்பாரு?” அப்போது குற்றாலீஸ்வரனுக்கு வயது 12. அந்த வயதில் தோளில் என்ன தசை இருக்கும்? 12 வயதுப் பையன் ஒரு கடலைக் கடக்கிறான் என்றால் அது ஆயிரக்கணக்கான தடவை ஒரே மாதிரி கை இறங்கி, ஒரே மாதிரி தண்ணீரைப் பிடித்து, ஒரே மாதிரி வெளியே வருகிற ஒழுங்கினால்தான். அதை அந்தப் பையன்களுக்குச் சொன்னேன். ஹாக்கி ஊரான கோவில்பட்டியைச் சுற்றி வளர்ந்தவர்கள் என்பதால், மட்டையைப் பிடிக்கிற பிடி சரியில்லாதவனுக்குக் கை பலம் எதற்கு என்று கேட்டதும் அவர்களுக்குப் பளிச்சென்று புரிந்தது.

அதே பாக் நீரிணையை 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, திரும்பவும் நீந்தியே இலங்கைக்குப் போனார். 51 மணி நேரம். தடைக்கு எதிராக நீந்திப் பலம் சேர்ப்பதைத் தடைப்பயிற்சி என்பார்கள். எதிர்நீரோட்டத்தைவிடப் பெரிய தடைப்பயிற்சி எது? கழற்றி வைக்க முடியாத தடை அது. அதற்குள் இரண்டு பகலும் இரண்டு இரவும் கைவீச்சு குலையாமல் இருக்க வேண்டும். ஈழத் தமிழர்களின் நீச்சல் மரபைப் பற்றி இங்கே நாம் பேசுவது மிகக் குறைவு என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பலம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பலம் எந்த வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வென்று போகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒருவரின் திறன் கால்பங்கு கூடி, அது சிந்தாமல் சிதறாமல் தண்ணீரில் சேர்ந்தாலும் வேகம் எட்டு சதவீதம்கூட ஏறாது. அதே நேரத்தில் இடுப்பு நாலு விரல் அளவு தாழ்ந்தால் உடம்பு தண்ணீரை மறிக்கிற பரப்பு கூடி, சேர்த்த பலம் அத்தனையும் அதற்கே போய்விடும். எதிர்ப்பைக் குறைப்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதை 2008, 2009-ல் உலகமே பார்த்தது. வழுவழுப்பான முழுநீள உடைகளைப் போட்டுக்கொண்டு 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகளை உடைத்தார்கள். 2010-லிருந்து அந்த உடைகளுக்குத் தடை. போட்டியில் எதிர்ப்பைக் குறைக்க அத்தனை பாடுபட்ட அதே வீரர்கள், பயிற்சியில் எதிர்ப்பைக் கூட்டப் பை வைத்துத் தைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு நீந்தினார்கள். நாங்கள் கிணற்றில் வேட்டியோடு நீந்தியது அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. நனைந்த நாலு முழ வேட்டி காலைப் பிடித்து இழுப்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தரையில் எடை தூக்கிச் சேர்த்த பலம் தண்ணீருக்கு வருகிறதா என்று 1993-ல் அமெரிக்காவில் தனாக்கா, காஸ்டில் முதலியோர் சோதித்தார்கள். 24 கல்லூரி நீச்சல் வீரர்கள், 14 வாரப் பயிற்சிக் காலம். பாதிப் பேர் நீச்சலோடு 8 வாரம் எடைப்பயிற்சியும் செய்தார்கள். எடைத்தூக்கில் அவர்கள் பலம் 25 முதல் 35 சதவீதம் கூடியது. நீச்சலில்? நீந்த மட்டும் செய்தவர்களைவிட ஒரு படிகூட முன்னே போகவில்லை. இளவட்டக்கல் அண்ணன்மாரை நான் நினைத்துக்கொண்டேன்.

2009-ல் நார்வேயில் வந்த முடிவு கொஞ்சம் வேறு. அங்கே 11 வாரம், எண்ணிக்கை குறைவாகவும் பாரம் மிகுதியாகவும், கையை மேலிருந்து இழுத்து இறக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வேகமான நீச்சல் பயிற்சியும் சேர்ந்தே நடந்தது. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நேரம் குறைந்தது. 50, 100 மீட்டரில் மாற்றமில்லை. கைவீச்சின் நீளமும் எண்ணிக்கையும் மாறவே இல்லை. எனக்கு இது நல்ல செய்தி: கைவீச்சைக் கெடுக்காமல் பலத்தைச் சேர்க்க முடிகிறது. 2017-ல் அயர்லாந்து ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, குறைந்த எண்ணிக்கையில், மிகுந்த விசையோடு வேகமாகச் செய்கிற பயிற்சியே நீச்சல்காரர்களுக்கு ஏற்றது என்று சொன்னார்கள். உடம்பு வலிக்க வலிக்க நூறு தடவை செய்வதுதான் பயிற்சி என்று நம்புகிற நம் ஊர் ஜிம்களில் இதை எழுதி ஒட்ட வேண்டும்.

தண்ணீருக்குள்ளேயே தடை வைத்துப் பழகுவது இன்னொரு வகை. கையில் மாட்டுகிற பிளாஸ்டிக் பேடில், இடுப்பில் கட்டி இழுக்கிற சின்னக் குடைத்துணியான பாராசூட், குளத்தின் சுவரோடு கட்டிய ரப்பர் கயிறு. ஒவ்வொன்றும் கைவீச்சை ஒவ்வொரு விதமாக மாற்றும். பேடில் மாட்டினால் கையின் பரப்பு கூடும். ஒரு வீச்சுக்குப் போகிற தூரமும் கூடும், ஆனால் கை சுற்றுகிற வேகம் குறையும். பாராசூட் கட்டினால் தூரமும் குறையும், வேகமும் குறையும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரு கை தள்ளி முடித்த பிறகும் அடுத்த கை இழுக்கத் தொடங்காமல் சும்மா நீண்டு கிடக்கிற வெற்று நேரம், இந்தத் தடைகளால் குறைகிறது. பின்னாலிருந்து இழுக்கும்போது நின்றுபோகக் கூடாதே என்று அடுத்த கை சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறது. யாரும் சொல்லாமலே உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் தடை அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை என் தங்கையின் பேத்தியிடம் பார்த்தேன். அவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அங்கே ஒரு குளத்தில் அவள் ஃப்ரீஸ்டைல் பழகினாள். எங்கள் குடும்பத்தில் கிணறு பார்க்காமல் நீச்சல் படித்த முதல் பிள்ளை. 12 வயது. குளத்தில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அவள் கையைவிடப் பெரிய பேடிலைக் கொடுத்துவிட்டார்கள்.

“தாத்தா, இதப் போட்டா ஒரே இழுப்புல எவ்வளவு தூரம் போறேன் பாருங்க!”

போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். தண்ணீருக்கு மேலே எடுத்ததில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள் வைத்து எடுக்கச் சொன்னேன். போனை உறையில் போட்டு அவள் தோழி எடுத்தாள். அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது மனசு பதறிவிட்டது. கை தண்ணீருக்குள் இறங்கியதும் முழங்கை சரிந்து கீழே போகிறது. முன்கை நிமிர்ந்து நின்று தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டிய நேரத்தில், பேடில் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. அமுக்கினால் தலையும் தோளும் மேலே எழும்பும், இடுப்பு தாழும், கால் அகன்று அடிக்கும். பாரம் தாங்காமல் கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்வருகிறது. இடுப்பைத் தாண்டித் தள்ளி முடிக்க வேண்டிய கை, தொப்புளுக்கு நேராகவே வெளியே வந்துவிடுகிறது. ஒரு பிள்ளை, தினமும் ஆசையோடு போய், வேறொரு நீச்சலைப் பழகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சரிந்த முழங்கைக்குத்தான் பலம் சேர்ந்துகொண்டிருக்கிறது.

சில மாதத்தில் தோள் வலி என்றாள். தலைசீவக் கை தூக்க முடியவில்லை. பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட், தோள்பட்டைக்குள் இருக்கும் சின்னத் தசைகளின் தசைநாண் உரசி வீங்கியிருப்பதாகச் சொன்னார். புதிய நோய் அல்ல. 1974-லேயே கனடா மருத்துவர்கள் கென்னடியும் ஹாக்கின்ஸும் இதற்கு நீச்சல்காரர் தோள் என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். 50 மீட்டருக்கு 40 கைவீச்சு என்றால் 5 கிலோமீட்டருக்கு 4,000. ஒரு தோளுக்கு 2,000. கை நீண்டு, உள்பக்கம் திரும்பி, தண்ணீரைப் பிடிக்கிற அந்த நொடியில்தான் தோளின் மூட்டு மிகவும் இளைத்த நிலையில் இருக்கிறது. அங்கே பெரிய பேடிலின் பாரத்தையும் ஏற்றினால், முதுகின் பெரிய தசைகள் வேலைக்கு வருவதற்கு முன்பே தோளின் சின்னத் தசைகள் அடி வாங்கிவிடும். இப்படிப்பட்ட வேதனை பெரிய வீரர்களையும் விடாது. நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் கழுத்துத் தட்டுப் பிரச்சினையால் எவ்வளவு துன்பப்பட்டார்! அதிலிருந்து மீண்டு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். அவருக்கு வயதும் அனுபவமும் இருந்தன. 12 வயதுப் பிள்ளைக்கு ஏன் அந்த வேதனை?

என் கோபம் பேடில் மேல் அல்ல. நல்ல ஆசிரியர் கையில் அது நல்ல கருவி. இப்போது அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேறொரு பயிற்சியாளர் செய்ததைச் சொல்கிறேன். இளைஞர்தான். முதலில் பேடிலை வாங்கி வைத்துவிட்டார். தரையில் ரப்பர் பட்டையைக் கம்பியில் மாட்டி, அவளைக் குனிந்து நிற்கவைத்து, முழங்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் கீழே நிமிர்த்தச் சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி. முழங்கை ஒரு விரல் சரிந்தாலும் நிறுத்திவிடுவார். தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிற பயிற்சி, வயிற்றுத் தசையை இறுக்கிக் கிடக்கிற பயிற்சி, சொந்த உடம்பையே பாரமாக வைத்துத் தொங்கி எழுகிற பயிற்சி. வலி போய் முழங்கை நிற்கத் தொடங்கிய பிறகு பேடிலைத் திரும்பக் கொடுத்தார். அதுவும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டு நடுவிரல் பட்டையை மட்டும் விட்டிருந்தார். கை சரியாக இறங்கினால் தண்ணீரின் அழுத்தமே பேடிலைக் கையோடு ஒட்டி வைக்கும். கோணலாக இறங்கினால் பேடில் கழன்று மிதக்கும். அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் தப்பு சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் சுவருக்குச் சுவர் போவதற்குள் பேடில் திரும்பத் திரும்பக் கழன்றது. நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “கழண்டா நல்லதும்மா, எங்க சரிஞ்சுதுன்னு அதுவே சொல்லுதுல்ல” என்றார். கிணற்று மாமாவின் குரல் எனக்கு அதில் கேட்டது.

பாராசூட்டுக்கும் அவரிடம் ஒரு முறை இருக்கிறது. எதுவும் கட்டாமல் 25 மீட்டரை எத்தனை வீச்சில் போகிறாள் என்று முதலில் எண்ணுவார். பிறகு சின்னப் பாராசூட்டைக் கட்டி எண்ணுவார். இரண்டு மூன்று வீச்சு கூடினால் சரி, அதற்குமேல் போனால் அன்றைக்குத் துணியை மாற்றிச் சின்னதாக்குவார். 15 மீட்டர், முழு வேகம், நன்றாக மூச்சு வாங்க ஓய்வு. ஒவ்வொரு முறை கட்டி நீந்தியதும் உடனே கழற்றிவிட்டு வெறுமனே ஒருமுறை வேகமாக நீந்த வேண்டும். பாரத்தோடு பழகிய கைக்குத் தன் பழைய தாளம் மறந்துபோகாமல் இருக்க அதுதான் வழி. களைத்துப் போன பிள்ளைக்கு அவர் தடை கட்டுவதே இல்லை. களைப்பில் முழங்கை சரியும். சரிந்த முழங்கையோடு பாரம் இழுத்தால் அந்தச் சரிவே கைக்குப் பழகிவிடும். எல்லாக் குளத்திலும் பயிற்சியின் கடைசியில், பிள்ளைகள் துவண்டிருக்கும்போது, ‘பவர் வொர்க்’ என்று பேடிலை மாட்டிவிடுவதைப் பார்க்கிறேன். நேர்மாறாகச் செய்ய வேண்டியது.

எங்கள் நாளில் உழைப்பு இருந்தது. கமலை இறைத்த தோள், கூடை இழுத்த தோள், பருத்திப் பொதி சுமந்த முதுகு. நீந்துகிறவனைத் தண்ணீருக்குள் குனிந்து பார்க்க ஒரு கண் இல்லை. இன்று உழைப்பு உடம்பைவிட்டுப் போய், அதைக் காசு கொடுத்து ரப்பர் கயிறாகவும் பிளாஸ்டிக்காகவும் வாங்குகிறோம். பார்க்கிற கண் ஒவ்வொரு பிள்ளையின் கைப்பையிலும் போனாகக் கிடக்கிறது. பேடில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீருக்குள் படம் எடுத்துப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? பெற்றோர்கள் இதைக் கேட்க வேண்டும். “என் பிள்ளைக்கு முழங்கை நிற்கிறதா?” என்று கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு குளம் பாருங்கள்.

ரப்பர் கயிறு விஷயத்தில் மட்டும் எனக்கும் அந்தப் பயிற்சியாளருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சுவரோடு கட்டிவிட்டு நீந்தும்போது, கயிறு நீண்டு முடிந்த இடத்தில் உடம்பு முன்னே போவதில்லை. நின்ற இடத்திலேயே கை இழுக்கிறது. நிஜ நீச்சலில் கை தண்ணீரில் ஊன்றி நிற்க, உடம்பு அதைத் தாண்டிப் போகிறது. கட்டி நீந்தும்போது உடம்பு நிற்க, கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. கைக்கு இரண்டும் வேறு வேறு உணர்வு. முன்பு சொன்ன நார்வே ஆய்விலும் நீச்சல்காரர்களைக் கட்டி நீந்தவிட்டார்கள்; ஆனால் அது இழுவிசையை அளப்பதற்கு, அதில் எனக்குத் தகராறு இல்லை. அளவெடுக்கக் கட்டுங்கள், பழக்கக் கட்ட வேண்டாம் என்கிறேன். அவரோ, கயிறு நீள்கிற அந்தச் சில மீட்டருக்கு மட்டும்தான் நீந்த விடுகிறேன், உடம்பு நின்றதும் விசில் அடித்துவிடுகிறேன், அதனால் கெடுதல் வராது என்கிறார். கட்டிப் பழகிய வாரத்திலும் கட்டாத வாரத்திலும் அவள் 25 மீட்டரை எத்தனை வீச்சில், எத்தனை விநாடியில் போகிறாள் என்று இருவரும் தனித்தனியே எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். நோட்டு அவளிடம் இருக்கிறது.